'இருக்கு'வுக்கு முன்னால் என்ன இருக்கிறது? 'ஹேவ்' பிடிபட ஒரு வழி

தங்கச்சி, பிறகு வாசிக்கிறவர்களுக்கும் உதவும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிப் போட்டுவிட்டுத் தொடங்குகிறேன். கல்முனையில் ஏ.எல். முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். பயிற்சி நேர்முகப் பரீட்சை ஒன்றில் மூன்று வசனங்களைப் பிழை என்று வெட்டியிருக்கிறார்கள்: 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'மை ஃபாதர் ஹேஸ் கம் யெஸ்டர்டே', 'ஐ ஹேட் கட் மை ஹெயர்'. மூன்றிலும் 'ஹேவ்' இருக்கிறது, மூன்றும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது, இதை எப்படிப் படிப்பது என்று கேட்கிறீர்கள்.

சரியாகப் படத்தான் செய்யும். மூன்றும் நல்ல தமிழ்; உடுப்புத்தான் ஆங்கிலம்.

தமிழில் 'ஹேவ்'வுக்கு நேரான சொல் கிடையாது. அந்த வேலையை 'இருக்கு' செய்கிறது ('இரிக்கி' என்று கதைக்கிற இடங்களிலும் கணக்கு இதுதான்). சிங்களத்திலும் நிலைமை அதேதான். 'மட்ட மல்லிலா தென்னெக் இன்னவா' என்னும்போது அவர்களும் 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறார்கள். ஆகவே 'ஹேவ் என்றால் வைத்திருத்தல்' என்று பாடமாக்கியது உங்களுக்கு உதவாது. வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் 'வைத்திருக்கிறேன்' என்கிறீர்கள்? 'இருக்கு' எத்தனை தரம்? 'இருக்கு'வைப் பிடியுங்கள். அதற்கு முன்னால் நிற்கிற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் என்ன வரும் என்பதை அந்தச் சொல்தான் தீர்மானிக்கிறது.

முன்னால் 'எனக்கு', 'அவளுக்கு', 'என்னட்ட' என்று நின்றால் 'ஹேவ்'. 'எனக்கு ரெண்டு தம்பிமார் இருக்கிறாங்க' என்ற வசனத்தில் எழுவாய் தம்பிமார். 'நான்' ஓரமாக 'எனக்கு' என்று நிற்கிறேன். ஆங்கிலத்தில் அந்த 'எனக்கு'வை எழுப்பி எழுவாயின் கதிரையில் இருத்த வேண்டும்: 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'. உயிரில்லாததற்கும் இதே கதிரைதான். 'வீட்டுக்கு மூன்று வாசல்' என்பது 'த ஹவுஸ் ஹேஸ் த்ரீ டோர்ஸ்'.

முன்னால் இடம் நின்றால் ('எங்கட ஊரில ஒரு கோயில் இருக்கு') இரண்டு பாதை உண்டு: 'தேர் இஸ் எ டெம்பிள் இன் அவர் வில்லேஜ்' அல்லது 'அவர் வில்லேஜ் ஹேஸ் எ டெம்பிள்'. இரண்டையும் கலந்து 'இன் அவர் வில்லேஜ் ஹேஸ் எ டெம்பிள்' என்பதுதான் நம் பக்கம் அதிகம் கேட்கிற பிழை. 'இன்' முன்னால் வந்துவிட்டால் ஊர் எழுவாயாக இருக்க முடியாது. 'ஹேஸ்' ஆளில்லாமல் நிற்கும். கடை வாசலில் 'பாண் இருக்கா?' என்று கேட்கிற மாதிரி 'ஹேவ் பிரெட்?' என்று கேட்பதிலும் அதே குறைதான். நமக்கு ஆளைச் சொல்லாமல் விடலாம், ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டும்: 'டூ யூ ஹேவ் பிரெட்?'

'ஹீ', 'ஷீ', 'இட்' வந்தால் 'ஹேஸ்' என்பது உங்களுக்குத் தெரியும். கேள்வியிலும் மறுப்பிலும்தான் கால் வழுக்கும். 'டஸ் ஷீ ஹேஸ்?' பிழை, 'டஸ் ஷீ ஹேவ்?' சரி. அந்த 'எஸ்'ஸை 'டஸ்' ஏற்கனவே எடுத்துக்கொண்டது. 'டிட்', 'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்' எது முன்னால் வந்தாலும் பின்னால் வெறும் 'ஹேவ்'தான். பழைய புத்தகங்களில் 'ஹேவ் யூ எ பென்?' என்று இருக்கும். பிழையில்லை, பழசு. இன்றைக்கு 'டூ யூ ஹேவ்' அல்லது 'ஹேவ் யூ கொட்' என்று கேளுங்கள்.

இனி உங்கள் முதல் வசனம். 'ஹேவிங்' ஏன் வந்து ஒட்டிக்கொள்கிறது? 'காய்ச்சல் அடிக்குது', 'மோட்டார் சைக்கிள் வைச்சிருக்கிறன்' என்பவை நடந்துகொண்டிருப்பது மாதிரித் தோன்றுகின்றன. உடனே 'இங்' வருகிறது. சோதிக்க ஒரு வழி: தமிழில் அந்த இடத்தில் 'இருக்கு' போட முடிந்தால் 'ஹேவிங்' வராது. 'சாப்பிடுறன்', 'குடிக்கிறன்', 'குளிக்கிறன்', 'நடத்துறம்', 'கஷ்டப்படுறன்' போன்ற செயல் இருந்தால் வரும். பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் முன்மேசையில் நிற்பவர் 'த கெஸ்ட்ஸ் ஆர் ஹேவிங் லஞ்ச்' என்றால் மிகச் சரி. 'த ரூம் இஸ் ஹேவிங் ஏசி' என்றால் பிழை. அறைக்கு ஏசி இருக்கிறது, அறை எதையும் செய்யவில்லை. சாப்பாட்டோடு இப்படி ஒட்டிப்போன சொல் என்பதால், 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று கேட்கிற வெள்ளைக்காரருக்கு இரண்டு தம்பிமாரையும் சோற்றோடு பிசைந்துகொண்டிருக்கிற மாதிரிக்கூட இருக்கலாம்.

ஒன்றை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். 'மை சிஸ்டர் ஹேஸ் எ பேபி' என்றால் அக்காவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. 'மை சிஸ்டர் இஸ் ஹேவிங் எ பேபி' என்றால் அக்கா பிள்ளைத்தாச்சி, அல்லது இந்த நேரம் பிரசவ அறையில் இருக்கிறார். மாற்றிச் சொன்னால் ஊரே வாழ்த்துச் சொல்ல வந்துவிடும்.

'ஐ ஆம் ஹேவிங் எ ஃபீவர்' என்று இந்த நாட்டில் படித்தவர்களும் கதைக்கிறார்கள். யாருக்கும் விளங்காமல் போகாது. கதைக்கும்போது விட்டுவிடலாம், பரீட்சைத் தாளிலும் நேர்முகத்திலும் வேண்டாம். அங்கே 'ஐ ஹேவ் எ ஃபீவர்'.

இரண்டாவது வசனத்தில்தான் விசயம் அதிகம். 'இருக்கு'வுக்கு முன்னால் வினையெச்சம் நின்றால், அதாவது வந்து, போய், செய்து என்று நின்றால், 'வந்திருக்கிறார்' என்பது 'ஹேஸ் கம்'. 'ஹேவ்' சேர்த்து வினையின் மூன்றாம் வடிவம். இவ்வளவு அழகாகப் பொருந்துகிற இடம் இரண்டு மொழிக்கும் நடுவில் குறைவு. அதனால்தான் நம்பி ஏமாறுகிறோம். பொருத்தம் மூன்று இடத்தில் விட்டுப்போகிறது.

முதல் இடம் 'நேற்று'. வாசலில் செருப்பைக் கண்டதும் 'ஓ, அப்பா நேற்றே வந்திருக்கிறார்' என்கிறோம். தமிழில் இந்த 'இருக்கிறார்' ஊகத்தையும் சொல்கிறது: நான் காணவில்லை, அடையாளத்தை வைத்துச் சொல்கிறேன். ஆங்கிலத்து 'ஹேஸ் கம்'முக்கு அந்த வேலை கிடையாது. இறந்த காலத்தில் நடந்ததை இன்றோடு கட்டிவைப்பதுதான் அதன் வேலை. கதவு மூடிவிட்ட காலத்தோடு அது சேராது. நேற்று, போன கிழமை, 2004 இல், மூன்று நாளைக்கு முன்னால், சின்ன வயதில் எல்லாம் மூடிய கதவுகள். அங்கே வெறும் இறந்த காலம்: 'மை ஃபாதர் கேம் யெஸ்டர்டே'. 'எப்ப' என்ற கேள்வியும் மூடிய காலத்தைத்தான் கேட்கிறது. ஆகவே 'வென் ஹேவ் யூ கம்?' பிழை, 'வென் டிட் யூ கம்?' சரி. இன்றைக்கு, இந்தக் கிழமை, இதுவரை, இப்பதான், இன்னும் இல்லை என்பவை திறந்த கதவுகள். அவற்றோடு 'ஹேவ்' நன்றாகப் போகும்.

மட்டக்களப்பில் உள்ள கல்லடிப் பாலத்தை வைத்து இதைப் பாருங்கள். பழைய இரும்புப் பாலம் 1924 இல் திறக்கப்பட்டது. 'த ஓல்ட் பிரிட்ஜ் ஓபன்ட் இன் 1924.' ஆணி அடித்த மாதிரி ஒரு புள்ளி. 'ஹேஸ் ஓபன்ட்' என்றால் பிழை. ஆனால் பாலம் இன்றும் நிற்கிறது. அந்த ஆணியில் ஒரு கயிற்றைக் கட்டி இன்றுவரை இழுத்தால்: 'த பிரிட்ஜ் ஹேஸ் பீன் தேர் சின்ஸ் 1924.' அதே வருடம், 'இன்' போட்டால் வெறும் இறந்த காலம், 'சின்ஸ்' போட்டால் 'ஹேஸ் பீன்'. கயிற்றின் நீளத்தைச் சொல்ல 'ஃபோர்': 'ஃபோர் எ ஹண்ட்ரட் இயர்ஸ்'. 'சின்ஸ் ஹண்ட்ரட் இயர்ஸ்' என்றால் பிழை, ஏனென்றால் நூறு வருடம் என்பது கயிறு, ஆணி அல்ல. தமிழிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது, கவனியுங்கள்: 'திங்கட்கிழமையிலிருந்து' என்றால் சின்ஸ், 'மூன்று நாளாக' என்றால் ஃபோர். 'இலிருந்து', 'ஆக' இரண்டையும் பார்த்தே முடிவெடுக்கலாம்.

இதே மாதிரி ஆணியும் கயிறுமாக எழுதிப் பாருங்கள். பக்கத்திலேயே பாடம் கிடக்கிறது: மட்டக்களப்பு மெதடிஸ்ட் மத்திய கல்லூரி 1814 இல் தொடங்கியது, அம்பாறை 1961 இல் தனி மாவட்டமானது, புதிய கல்லடிப் பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வசனம்.

இரண்டாவது விட்டுப்போகிற இடம் 'போயிருக்கிறார்'. 'நான் அறுகம் குடாவுக்குப் போயிருக்கிறன்' என்றால் எப்போதோ போய் வந்தாயிற்று. 'மனேஜர் அம்பாறைக்குப் போயிருக்கிறார்' என்றால் ஆள் இன்னும் வரவில்லை. தமிழுக்கு ஒரே வடிவம், ஆங்கிலத்துக்கு இரண்டு. போய்த் திரும்பியாயிற்று என்றால் 'ஹேஸ் பீன் டு', இன்னும் அங்கேதான் என்றால் 'ஹேஸ் கோன் டு'. தொலைபேசியில் 'த மனேஜர் ஹேஸ் பீன் டு அம்பாறை' என்று சொன்னால், மற்றப் பக்கத்தில் இருப்பவர் 'நல்லது, அவரிடம் கொடுங்கள்' என்பார். 'ஐ ஹேவ் கோன்' என்பது பெரும்பாலும் வரவே வராது. போன ஆள் இங்கே நின்று கதைக்க முடியாதே.

மூன்றாவது இடம், நாம் நிகழ்காலம் போடுகிற இடம். 'மூன்று வருஷமா இங்க வேலை செய்யிறன்' என்பதில் 'இருக்கு' எங்குமே இல்லை. அப்படியிருந்தும் ஆங்கிலம் 'ஹேவ்' கேட்கிறது: 'ஐ ஹேவ் வேர்க்ட் ஹியர் ஃபோர் த்ரீ இயர்ஸ்', அல்லது 'ஹேவ் பீன் வேர்க்கிங்'. அன்று தொடங்கி இன்றுவரை ஓடுகிற எதற்கும் 'ஹேவ்' வேண்டும்.

இதில் ஒரு சொல் மாறினால் என்ன நடக்கும் என்பதை ஆஸ்பத்திரியில் பாருங்கள். தமிழ் தெரியாத டாக்டரிடம் 'ஐ ஹேட் ஃபீவர் ஃபோர் த்ரீ டேய்ஸ்' என்றால் மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. 'ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபோர் த்ரீ டேய்ஸ்' என்றால் மூன்று நாளாக இருக்கிறது, இன்னும் விடவில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் தொடங்கலாம் என்பதால், விட்டதா விடவில்லையா என்பதை டாக்டர் கட்டாயம் அறிய வேண்டும். 'ஹேவ் ஹேட்' என்று இரண்டு தரம் வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். முதல் 'ஹேவ்' கயிறு, இரண்டாவது 'ஹேட்' காய்ச்சல் 'இருந்த' இருப்பு.

அடுத்தது 'போக இருக்கு'. 'எனக்கு ஒரு இடத்துக்குப் போக இருக்கு' என்றால் 'ஐ ஹேவ் டு கோ சம்வேர்'. 'போகணும்' என்றாலும் பெரும்பாலும் இதுதான். ஆனால் 'அவர் நாளைக்கு வர இருக்கிறார்' என்றால் 'ஹேஸ் டு கம்' அல்ல, 'ஹீ இஸ் கோயிங் டு கம்'. இங்கேயும் முன்னால் பாருங்கள்: 'எனக்கு' என்று நின்றால் கடமை, 'அவர்' என்று நின்றால் திட்டம். 'மஸ்ட்'டுக்கு இறந்த காலம் கிடையாது. 'நேற்று கொழும்புக்குப் போக வேண்டி வந்தது' என்பதற்கு 'ஹேட் டு கோ' ஒன்றுதான் வழி.

மறுப்பில் கவனம். 'வர வேண்டாம்' என்ற தமிழ் இரண்டு பக்கமும் பேசும். 'நாளைக்கு லீவு, நீங்க வரத் தேவையில்லை' என்றால் 'யூ டோண்ட் ஹேவ் டு கம்', விரும்பினால் வரலாம். 'உள்ளே வரக்கூடாது' என்றால் 'யூ மஸ்ட் நொட் கம் இன்'. வேலைத்தளத்தில் 'யூ டோண்ட் ஹேவ் டு டச் திஸ் வயர்' என்று எச்சரிக்கை எழுதினால், 'தொட விரும்பினால் தொடுங்கள்' என்றுதான் அர்த்தம்.

'போயிருக்க வேணும்' இன்னொரு இரட்டைப் பேச்சு. 'நீ நேற்றே போயிருக்க வேணும்' (போகவில்லை, பிழை உன்னுடையது): 'யூ ஷுட் ஹேவ் கோன்'. 'லைட் எரியேல்ல, அவங்க போயிருக்க வேணும்' (போயிருப்பார்கள் என்ற ஊகம்): 'தே மஸ்ட் ஹேவ் கோன்'. செருப்பைக் கண்டு ஊகித்தோமே, அதற்கு ஆங்கிலத்தில் இடம் இதுதான்: 'ஹீ மஸ்ட் ஹேவ் கம் யெஸ்டர்டே'. இங்கே 'யெஸ்டர்டே' வந்தாலும் பிழையில்லை.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம். நான் 'ஹேவ்' என்று எழுதுவது வசதிக்குத்தான்; அந்த உயிர் தமிழ் எழுத்தில் இல்லை. சிங்களத்தில் 'இல்லை' என்பதற்கு 'நே' மாதிரி ஒரு சொல் சொல்வார்களே, அதன் உயிரைக் குறுக்கினால் அதுதான். 'ஹேவ் டு' வேகத்தில் 'ஹேஃப்டு' ஆகும், 'ஹேஸ் டு' 'ஹேஸ்டு' ஆகும். 'ஷுட் ஹேவ்' காதில் 'ஷுடவ்' என்று விழும். சுருக்கத்தில் 'ஹீஸ்' என்று கேட்டால் அது 'ஹீ இஸ்'ஸா, 'ஹீ ஹேஸ்'ஸா? அடுத்த சொல்லைப் பாருங்கள். 'கோயிங்' வந்தால் இஸ், 'பீன்' அல்லது 'கொட்' வந்தால் ஹேஸ். 'கோன்' வந்தாலும் பெரும்பாலும் ஹேஸ். 'ஐட்' என்பதும் அப்படித்தான்: பின்னால் மூன்றாம் வடிவம் வந்தால் 'ஹேட்', முதல் வடிவம் வந்தால் 'வுட்'. 'ஐட் பெட்டர் கோ' மட்டும் விலக்கு; முதல் வடிவம் வந்தாலும் அது 'ஹேட்'.

கடைசியாக உங்கள் முடி. தமிழில் 'நேற்று முடி வெட்டினன்' என்றால் சலூனில் வெட்டினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். 'வீடு கட்டினம்' என்றால் மேசன்மார் கட்டினார்கள். ஆங்கிலம் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. 'ஐ கட் மை ஹெயர்' என்றால் கண்ணாடிக்கு முன்னால் கத்தரிக்கோலோடு நின்றது நீங்கள்தான். இன்னொருவரைக் கொண்டு செய்வித்தால் 'ஹேவ்' வேண்டும், அது உங்களுக்கும் எங்கோ தெரிந்திருக்கிறது. சொற்களின் வரிசையில்தான் வழுக்கியது. முதலில் 'ஹேட்', அடுத்தது பொருள், கடைசியில் மூன்றாம் வடிவம்: 'ஐ ஹேட் மை ஹெயர் கட்.' பொருளும் வினையும் இடம் மாறி 'ஐ ஹேட் கட் மை ஹெயர்' ஆனால், நீங்களே வெட்டினீர்கள், அதுவும் வேறு ஏதோ நடப்பதற்கு முன்னால். அந்த 'வேறு ஏதோ' வசனத்தில் இல்லாததால் அந்தரத்தில் தொங்குகிறது. 'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்' என்பதில் இரண்டு நிகழ்ச்சி இருக்கிறது, அங்கே அந்த வடிவத்துக்கு வேலை உண்டு.

'கட்' மூன்று வடிவத்திலும் 'கட்'டாகவே நிற்பதால் குழப்பம் கூடும். வடிவம் மாறுகிற சொல்லில் பழகுங்கள். 'ஐ ஹேட் மை பைக் ரிப்பேர்ட்', 'வீ ஹேட் எ வெல் டக்', 'ஷீ ஹேட் எ ட்ரெஸ் மேட்'.

பழகுவதற்குக் கொப்பி ஒன்று போதும். வீட்டில், பஸ்ஸில், கடையில் காதில் விழுகிற 'இருக்கு' வசனங்களில் ஒரு நாளைக்குப் பத்தை அப்படியே பேச்சுத் தமிழில் எழுதுங்கள். 'இருக்கு'வுக்கு முன்னால் உள்ள சொல்லின் கீழ் கோடு போடுங்கள். ஆங்கிலத்தை அடுத்த நாள்தான் எழுத வேண்டும். அன்றே எழுதினால் தமிழ் வரிசை கையோடு வந்துவிடும். பக்கத்திலேயே ஒழுங்கில்லாத வினைகளின் மூன்றாம் வடிவத்தையும் நாளைக்கு மூன்றாகச் சேருங்கள். கோன், சீன், டன், ஈட்டன், கிவன், டேக்கன், ரிட்டன் முதலில். இவை வாயில் தயாராக இல்லாவிட்டால் 'ஹேவ் வென்ட்' என்றுதான் வரும். முதல் நாளுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள்: 'அக்காவுக்கு ரெண்டு நாளாத் தலையிடி, அம்மா மருந்து வாங்கப் போயிருக்கிறா, எனக்குச் சமைக்க இருக்கு.' மூன்று துண்டு, மூன்று விதமான 'ஹேவ்'. தமிழில் எழுதிக் கோடு போட்டுவிட்டு, ஆங்கிலத்தை நாளைக்கு எழுதுங்கள்.